சேலத்தில் எந்தப் பக்கம்? ‘வேரபவுட்ஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மாலை நேரங்களில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பிரிட்டனுக்குப் போகும் செவிலியர்கள், ஏற்காட்டில் தங்கும் விடுதி வைத்திருப்பவர்கள், சுற்றுலா கார் ஓட்டுநர்கள் எனப் பல தொழில்காரர்கள் வருகிறார்கள். இலக்கணம் ஓரளவு தெரிந்தவர்களையும் தடுமாற வைக்கும் ஒரு சொல் ‘வேரபவுட்ஸ்’. பள்ளியில் பெரும்பாலும் கண்ணில் படாத சொல் இது. வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே காதில் விழுந்துவிடும். இதைப் பற்றி வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

‘வேரபவுட்ஸ்’ என்றால் என்ன பொருள்?

எந்தப் பக்கம், சுமாராக எங்கே என்று பொருள். ஊர் சேலம் என்று ஒருவர் சொன்னதும், “சேலத்தில் எந்தப் பக்கம்?” என்று அடுத்த கேள்வி கேட்போம் அல்லவா? அதன் ஆங்கிலம் “வேரபவுட்ஸ் இன் சேலம்?” என்பதுதான். இடத்தைக் குறிக்கும் வினையடைச் சொல் இது. பேச்சில் அதிகம் வரும், எழுத்தில் குறைவு.

கேட்பவர் கதவு எண்ணையோ தெருப் பெயரையோ எதிர்பார்க்கவில்லை. துல்லியம் வேண்டாம், வட்டாரம் தெரிந்தால் போதும் என்ற சலுகை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். “எந்தப் பக்கம்?” என்று நம் ஊரில் யாராவது கேட்டால் நாம் யோசிப்பதே இல்லை, உடனே பதில் வருகிறது. ஆங்கிலத்திலும் அவ்வளவுதான்.

‘வேர்’ என்று கேட்டால் போதாதா?

போதும். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இரண்டு வேறுபாடுகள் உண்டு.

ஒன்று, பெரிய இடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது அதற்குள் எந்தப் பகுதி என்று கேட்க இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்பது முதல் கேள்வி. பதில் சேலம். “வேரபவுட்ஸ் இன் சேலம்?” என்பது இரண்டாவது கேள்வி. அப்போதும் ‘சேலம்’ என்றே பதில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு, தொனி. அறிமுகமில்லாதவர் “வேர் டு யூ லிவ்?” என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு ஆகாது. என்றாலும் விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கலாம். “வேரபவுட்ஸ் டு யூ லிவ்?” என்றால் விறைப்பு தளர்கிறது. எவ்வளவு சொல்வது என்பதைப் பதில் சொல்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

செவிலியர்களுக்கு இந்தச் சொல் அவசியம் என்கிறீர்களே, ஏன்?

பிரிட்டன் மருத்துவமனைகளில் இது நாள்தோறும் புழங்கும் சொல். “வேரபவுட்ஸ் இஸ் த பெயின்?”, “வேரபவுட்ஸ் டஸ் இட் ஹர்ட்?” என்று நோயாளியிடம் கேட்பார்கள். “எந்தப் பக்கம் வலிக்கிறது?” என்று நாம் கேட்பதேதான். தமிழும் ஆங்கிலமும் இவ்வளவு ஒட்டிப் போகும் இடங்கள் அதிகம் இல்லை.

நோயாளியின் கையைக் கவனித்துப் பாருங்கள். வயிற்று வலி என்று வந்தவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் உள்ளங்கையை வயிற்றின்மேல் வைத்து ஒரு வட்டம் போடுவார். விரலால் ஒரு புள்ளியைத் தொட மாட்டார். அந்த வட்டம்தான் ‘வேரபவுட்ஸ்’. புள்ளி தெரிய வேண்டும் என்றால் “கேன் யூ பாயின்ட் வித் ஒன் ஃபிங்கர்?” என்று அடுத்துக் கேட்க வேண்டும். முதலில் வட்டம், பிறகு புள்ளி என்ற இந்த வரிசை முக்கியம்.

குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு வலி முதலில் தொப்புளைச் சுற்றி மங்கலாகத் தொடங்கும், சில மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கத்துக்கு இறங்கி ஊன்றிக்கொள்ளும். அதனால் இப்போது எங்கே வலிக்கிறது என்பதோடு, எங்கே தொடங்கியது என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். “வேரபவுட்ஸ் டிட் இட் ஸ்டார்ட்?” என்று கேட்டால் மங்கலாகத் தொடங்கிய வலியைப் பற்றி நோயாளி தயங்காமல் சொல்வார். “எக்ஸாக்ட்லி வேர் டிட் இட் ஸ்டார்ட்?” என்று துல்லியம் கேட்டால், வயதானவர்கள் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று தயங்கி, தெரியாது என்று சொல்லிவிடக்கூடும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் நோயாளிக்கு நன்மை கிடைக்கிறது என்றால் அதைக் கற்றுக்கொள்ளாமல் போகக்கூடாது. செவிலியர் மாணவிகளிடம் நான் இதைப் பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன்.

“வேரபவுட்ஸ் இன் சேலம்?” என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

கேட்பவருக்கு நம் ஊரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று முதலில் எடைபோடுங்கள். பதில் அதைப் பொறுத்தது.

கேட்பவர் சேலத்துக்காரர் என்றால் பேட்டையின் பெயரே போதும். அழகாபுரம், கிச்சிப்பாளையம், செவ்வாய்ப்பேட்டை, நெத்திமேடு என்று சொல்லிவிடலாம். ‘நியர் ஃபைவ் ரோட்ஸ்’ என்றாலும் புரிந்துகொள்வார். நாம் ஐந்து ரோட்டை வைத்துத்தான் பாதி ஊருக்கு வழி சொல்கிறோம்.

சேலத்துக்கு வந்து போகிறவர், ஆனால் ஊர் அத்துப்படி இல்லை என்றால் திசையையும் ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாநகராட்சியின் நான்கு மண்டலங்கள் இதற்கு நன்றாக உதவும். மேற்கே ரயில் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலம், வடக்கே ஏற்காடு சாலையில் அஸ்தம்பட்டி, கிழக்கே அம்மாப்பேட்டை, தெற்கே கொண்டலாம்பட்டி. “இன் அம்மாப்பேட்டை, ஆன் த ஈஸ்ட் சைட்” என்றால் பதில் முழுமையாகிவிடும். குகையில் குடியிருப்பவர் “சவுத் ஆஃப் த ரிவர்” என்று திருமணிமுத்தாற்றை வைத்துச் சொல்லலாம்.

கேட்பவர் வெளிநாட்டவர் என்றால் அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி எல்லாம் வெறும் ஒலிகள்தான். அவர் கேட்பது பெரும்பாலும் “வேரபவுட்ஸ் இன் இந்தியா இஸ் சேலம்?” என்பதாக இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயர் சேலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னொரு சேலம் இருக்கிறது. 1692-இல் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கிலிட்ட வழக்குகளால் உலகம் அறிந்த ஊர் அது. ஆகவே ‘ஐ ஆம் ஃப்ரம் சேலம்’ என்றதும் எதிரில் இருப்பவர் மனதில் வேறு ஊர் வந்து நிற்கலாம். “இன் தமிழ்நாடு, அபவுட் டூ ஹண்ட்ரட் கிலோமீட்டர்ஸ் சவுத் ஆஃப் பெங்களூரு” என்று சொல்லுங்கள். பெங்களூரைத் தெரியாதவர் குறைவு. பிறகு மாம்பழத்தையோ, உருக்காலையையோ, வெள்ளிக் கொலுசையோ பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தால் பேச்சு வளரும்.

பதிலில் பயன்படும் சின்னச் சொற்களைத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். பேட்டைக்கு ‘இன்’, சாலைக்கு ‘ஆன்’, அடையாளத்துக்கு ‘நியர்’. பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் ‘ஜஸ்ட் ஆஃப்’. அடையாளத்தைத் தாண்டியவுடன் என்றால் ‘ஜஸ்ட் பாஸ்ட்’. “ஜஸ்ட் ஆஃப் ஓமலூர் ரோட்”, “ஜஸ்ட் பாஸ்ட் த நியூ பஸ் ஸ்டாண்ட்” என்று சொல்லிப் பழகினால் இந்தக் கேள்விக்கு என்றும் திணற மாட்டீர்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் ‘மேலே’, ‘கீழே’ என்கிறோமே, ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். “நான் மேலே இருக்கிறேன்” என்று ஒருவர் போனில் சொன்னால் ஏற்காட்டில் இருக்கிறார் என்றும், “கீழே போயிருக்கிறார்” என்றால் சேலத்துக்குப் போயிருக்கிறார் என்றும் இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும். ஆங்கிலத்திலும் மலை ஊருக்கு ‘அப்’, சமவெளிக்கு ‘டவுன்’ போட்டுப் பேசுவது இயல்பு. “ஐ ஆம் அப் இன் ஏற்காடு”, “ஷீ இஸ் டவுன் இன் சேலம்” என்பவை நல்ல ஆங்கிலம்தான். தமிழிலிருந்து பெயர்த்ததுபோல் ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

மலைப்பாதையில் ஒரு வசதி உண்டு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பிரதான சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். விடுதிக்கு வரும் விருந்தினர் கார் பழுதாகி நடுவழியில் நின்று போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஊர்ப் பெயர்கள் தெரியாது. மேலும் கீழும் காடும் காப்பித் தோட்டமும்தான் தெரிகின்றன. நீங்கள் “வேர் ஆர் யூ?” என்று கேட்டால் “ஐ டோன்ட் நோ” என்பதுதான் பதிலாக வரும். “வேரபவுட்ஸ் ஆர் யூ? விச் பெண்ட் டிட் யூ லாஸ்ட் பாஸ்?” என்று கேளுங்கள். கடைசியாகத் தாண்டிய வளைவு எது என்பதை அவர் நினைவுபடுத்திச் சொல்வார். பதினான்காவது வளைவு என்றால் உங்கள் மெக்கானிக்குக்கு அது போதும். அதே விருந்தினர் அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகப் போகும் இன்னொரு சாலையில் ஏறியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அதனால் அயோத்தியாப்பட்டணம் பக்கமாக வந்தாரா, பிரதான சாலை போகும் கோரிமேடு பக்கமாக வந்தாரா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

‘எந்தப் பக்கம்’ என்று வரும் எல்லா இடத்திலும் ‘வேரபவுட்ஸ்’ போடலாமா?

கூடாது. சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தமிழில் ‘பக்கம்’ என்பது வட்டாரத்தையும் குறிக்கும், திசையையும் குறிக்கும். “உங்கள் வீடு எந்தப் பக்கம்?” என்பது வட்டாரம். “பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?” என்பது திசை. ஆங்கிலத்தில் திசைக்கு ‘விச் வே’.

ஏற்காட்டு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நின்றுகொண்டு ஒரு பயணி “விச் வே டு பகோடா பாயின்ட்?” என்று கேட்டால் கையை நீட்டிச் சாலையைக் காட்டினால் போதும். “வேரபவுட்ஸ் இஸ் பகோடா பாயின்ட்?” என்று கேட்டால் அவர் இன்னும் கிளம்பவில்லை, மலையில் அது எந்தப் பகுதி என்று மனதில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார் என்று பொருள். மலையின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது, லேடீஸ் சீட் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரே மூச்சில் இரண்டையும் நடந்து பார்க்க முடியாது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். கேள்வி எது என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த வழிகாட்டிக்குப் பயணிகளிடம் தனி மதிப்பு உண்டு.

“என்ன இந்தப் பக்கம்?” என்று நாம் கேட்பது முற்றிலும் வேறு. அது இடத்தைப் பற்றிய கேள்வியே அல்ல, வந்த காரணத்தை அன்போடு விசாரிப்பது. அதற்கு “வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?” என்பார்கள்.

செய்தித்தாளில் ‘வேரபவுட்ஸ் அன்னோன்’ என்று வருகிறதே, அதுவும் இதுதானா?

எழுத்து ஒன்றுதான், வேலை வேறு. அங்கே அது பெயர்ச்சொல். ‘இருப்பிடம்’, ‘இருக்கும் இடம் பற்றிய தகவல்’ என்று பொருள்படும். காணாமல் போனவர், தலைமறைவானவர், தொலைந்த சிலை என்றெல்லாம் வரும் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். “ஹிஸ் வேரபவுட்ஸ் ஆர் அன்னோன்” என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

காவல்துறை அறிவிப்புகளில் இந்தப் பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு வெளிநாட்டு நண்பர் “வேரபவுட்ஸ் டு யூ லிவ்?” என்று கேட்டதும் விசாரணை நடப்பதுபோல் முகம் மாறிவிடுகிறது. அதில் அப்படி எதுவும் இல்லை. வினையடையாக வரும்போது அது வெறும் நட்பான விசாரிப்பு.

உச்சரிப்பிலும் இரண்டையும் பிரித்தறியலாம். கேள்வியாக வரும்போது அழுத்தம் கடைசியில், ‘பவுட்ஸ்’ என்ற இடத்தில் விழும். பெயர்ச்சொல்லாக வரும்போது முதலில், ‘வேர்’ என்ற இடத்தில் விழும். இரண்டு முறை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘இஸ்’ போடுவதா, ‘ஆர்’ போடுவதா?

இரண்டும் ஏற்கப்பட்டவை. ‘ஆர்’ அதிகம் வழங்குகிறது. தேர்வில் எழுதும்போது ‘ஆர்’ போட்டுவிடுங்கள்.

கடைசியில் இருக்கும் ‘எஸ்’ பன்மையா?

பன்மை இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமை உருபாக இருந்த ‘எஸ்’, சில சொற்களோடு சேர்ந்து அவற்றை வினையடையாக்கியது. ‘ஆல்வேஸ்’, ‘டுவர்ட்ஸ்’, ‘நவ்அடேஸ்’, ‘பிசைட்ஸ்’ எல்லாம் அந்த வழி வந்தவை. யாரும் ‘ஆல்வேஸ்’ என்பதைப் பன்மை என்று எண்ணுவதில்லை. முன்பு ‘வேரபவுட்’ என்று ‘எஸ்’ இல்லாமலும் இந்தச் சொல் வழங்கியது. இன்று அப்படிச் சொன்னால் பிழையாகத்தான் ஒலிக்கும். கேட்பது ஒரே ஓர் இடத்தைப் பற்றி என்றாலும் ‘எஸ்’ வேண்டும்.

வாக்கியத்தில் இதை எங்கே வைப்பது?

நேரடிக் கேள்வியில் முதலில் வைக்க வேண்டும், அடுத்து துணைவினை: “வேரபவுட்ஸ் இஸ் த லைப்ரரி?” இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. மரியாதையோடு சுற்றிவளைத்துக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. “டு யூ நோ வேரபவுட்ஸ் த லைப்ரரி இஸ்?” என்பது சரி. “டு யூ நோ வேரபவுட்ஸ் இஸ் த லைப்ரரி?” என்பது பிழை.

நம்மவர்கள் இங்கே தவறுவதற்குக் காரணம் தமிழின் அமைப்பில் இருக்கிறது. “நூலகம் எந்தப் பக்கம்?” என்ற கேள்வியை “நூலகம் எந்தப் பக்கம் என்று தெரியுமா?” என்று மாற்றும்போது முதல் மூன்று சொற்கள் அசைவதே இல்லை, ‘என்று தெரியுமா’ மட்டும் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் நேரடிக் கேள்வியில் முன்னால் வந்த ‘இஸ்’, சுற்றிக் கேட்கும்போது தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட வேண்டும். ‘டு யூ நோ’ என்று தொடங்கினாலே ‘இஸ்’ கடைசிக்குப் போகும் என்று கை விரலை மடக்கிச் சொல்லிப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கம் ‘வேர்’, ‘வென்’, ‘ஹவ்’ எல்லாவற்றுக்கும் பயன்படும்.

இன்னும் இரண்டு பிழைகளை அடிக்கடி கேட்கிறேன். ‘இன் வேரபவுட்ஸ்’ என்று முன்னால் ‘இன்’ போடக்கூடாது, ‘இல்’ என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வேரபவுட்ஸ் ஆஃப் சேலம் ஆர் யூ ஃப்ரம்’ என்பதும் தவறு. ஊர்ப் பெயருக்கு முன் ‘இன்’ வர வேண்டும்.

‘ஹியரபவுட்ஸ்’, ‘தேரபவுட்ஸ்’ என்றும் உண்டா?

உண்டு. ‘ஹியரபவுட்ஸ்’ என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில். “தேர் ஆர் மெனி காஃபி எஸ்டேட்ஸ் ஹியரபவுட்ஸ்” என்று நாகலூரில் நின்று ஒருவர் சொல்லலாம். கொஞ்சம் பழைய வாசம் வீசும் சொல். இன்று ‘ரவுண்ட் ஹியர்’ என்பதே அதிகம் கேட்கிறது, நீங்களும் அதையே சொல்லுங்கள்.

‘தேரபவுட்ஸ்’ நல்ல பயனுள்ள சொல். இடத்துக்கு வருவதைவிட எண்ணுக்கும் காலத்துக்கும்தான் அதிகம் வருகிறது. முன்னால் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ சேர்த்துச் சொல்வார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் “தர்ட்டி கிலோமீட்டர்ஸ் ஆர் தேரபவுட்ஸ்” எனலாம். முப்பது கிலோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே. சேர்வராயன் மலைக்கோயில் 1,623 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த எண்ணை நினைவில் வைக்க முடியாத வழிகாட்டி “சிக்ஸ்டீன் ஹண்ட்ரட் மீட்டர்ஸ் ஆர் தேரபவுட்ஸ்” என்று சொன்னால் அதில் பொய்யும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. சுமாராகத்தான் சொல்கிறேன் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டுச் சொல்வது நேர்மையான பேச்சு.

அமெரிக்கர்களிடம் பேசும்போது?

அவர்களுக்கும் புரியும். இந்தக் கேள்வி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதிகம் காதில் விழுகிறது. அமெரிக்கர் பலர் “வாட் பார்ட் ஆஃப் சேலம்?” என்று கேட்பார்கள். எல்லா நாட்டவரிடமும் செல்லுபடியாகும் கேள்வி அது. ‘சம்வேர்’, ‘எனிவேர்’ என்பவற்றுக்குப் பதிலாகச் ‘சம்ப்ளேஸ்’, ‘எனிப்ளேஸ்’ என்று சொல்வது அமெரிக்கப் பேச்சு வழக்கு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.

அலுவலகக் கடிதத்தில் இந்தக் கேள்வியை எழுதலாமா?

நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் எழுதலாம். நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் “வேர் எக்ஸாக்ட்லி”, “இன் விச் ஏரியா” என்று எழுதுவது பொருத்தம். பெயர்ச்சொல் வடிவத்துக்கு இந்தத் தடை இல்லை, அது அலுவலக எழுத்தில் சாதாரணமாக வருகிறது.

விளையாட்டுச் செய்திகளில் ‘வேரபவுட்ஸ் ஃபெயிலியர்’ என்று வருகிறதே?

ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில் வரும் சொல் அது. பரிசோதனைப் பட்டியலில் உள்ள உயர்நிலை வீரர்கள் தாங்கள் எந்த நாளில் எங்கே தங்குகிறோம், எங்கே பயிற்சி செய்கிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் 60 நிமிட நேரத்தையும் அப்போது இருக்கும் இடத்தையும் குறிப்பிட வேண்டும். அந்த நேரத்தில் அதிகாரி தேடி வந்து ஆள் இல்லை என்றால் ஒரு தவறு. தகவலைப் பதிவு செய்யாமல் விட்டாலும் தவறு. 12 மாதங்களுக்குள் இப்படி மூன்று சேர்ந்தால், ஊக்கமருந்து உட்கொள்ளாதவர்கூடத் தடைக்கு உள்ளாகலாம்.

பேச்சில் சுமாரான இடத்தைக் கேட்கும் அதே சொல், இங்கே மணி தவறாத துல்லியத்தைக் கேட்கிறது. பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்த உயரத்தை எட்டும் கனவு உள்ள பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இந்தச் சொல்லின் பொருளை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் படிவத்தில் ‘சேலம் பக்கம்’ என்று எழுதி வைக்க முடியாது.

முன்பின் தெரியாதவரிடம் “எந்தப் பக்கம்?” என்று கேட்பது நாகரிகமா?

ஆங்கிலத்தில் கேட்பது நாகரிகம்தான். இரண்டு பேர் பழகத் தொடங்கும்போது வரும் வழக்கமான கேள்வி அது. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம் அவர் தங்கியிருக்கும் விடுதி எந்தப் பக்கம் என்று கேட்பதை மட்டும் தவிருங்கள். நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் அவருக்கு அச்சம் உண்டாகும். கார் ஓட்டுபவராக இருந்தால் “வேர் ஷல் ஐ டிராப் யூ?” என்று கேளுங்கள். எவ்வளவு சொல்வது என்பதை அவரே தீர்மானிப்பார்.

தமிழில் கேட்கும்போது இன்னொரு கவனம் வேண்டும், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. நம் ஊர்ப்புறங்களில் “எந்த ஊர்?”, “அங்கே எந்தப் பக்கம்?”, “எந்தத் தெரு?” என்று படிப்படியாக நெருங்கும் கேள்விகள் சில நேரம் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகின்றன. கேட்கப்படுபவருக்கு அது உடனே புரிந்துவிடும். வகுப்பில் ஜோடி ஜோடியாக இந்தச் சொல்லைப் பயிற்சி செய்யும்போது சிலர் பதில் சொல்லத் தயங்குவதன் காரணம் ஆங்கிலம் வராதது அல்ல. அதனால் பயிற்சியின்போது அவரவர் சொந்த ஊரைக் கேட்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏரி, கிளியூர் அருவி, கரடிக் குகை, தாவரவியல் பூங்கா என்று ஏற்காட்டின் இடங்களை வைத்தே கேட்டுப் பழகுகிறோம். மற்ற பயிற்றுநர்களும் இதைச் செய்யலாம்.

என்னிடம் கேட்கிறார்கள், எனக்குச் சொல்ல விருப்பமில்லை. என்ன செய்வது?

இந்தச் சொல் சுமாரான பதிலையே கேட்கிறது என்பதால் தப்பிக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. “நாட் ஃபார் ஃப்ரம் த ஜங்ஷன்” எனலாம். “ஓ, ஜஸ்ட் அவுட்சைட் த சிட்டி” எனலாம். சொல்லிவிட்டு உடனே “அண்ட் யூ?” என்று கேள்வியை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். இதற்குமேல் யாரும் துருவ மாட்டார்கள். துருவினால் “ஐ’ட் ராதர் நாட் சே” என்று புன்னகையோடு சொல்லி நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.